வாயளவு

எங்கள் வீட்டில் துப்பாக்கி மாமாவுடையது, குண்டு அம்மாவுடையது. துப்பாக்கிக்கு உரிமம் இருந்தது, எண் இருந்தது, தாலுக்கா அலுவலகத்தில் கோப்பு இருந்தது. தேர்தல் வந்தால் அதைத் துணியில் சுற்றிக் காவல் நிலையத்தில் வைத்துவிட்டு ரசீது வாங்கி வருவார்கள். குண்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. அது ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தது.

அம்மா பிறந்தது கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து உள்ளே நடந்து போகிற ஒரு சிற்றூர். மலையாளிகள். வெளியூரில் இந்தச் சொல்லைச் சொன்னால் கேரளாவா என்பார்கள். எங்களுக்குக் கேரளம் தெரியாது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழி நாங்கள் என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். அந்தக் கதையில் தங்கைகள் வருவதில்லை. கிருஷ்ணதேவராயர் கொடுத்ததாகச் சொல்லப்படும் உரிமையின் பேரில் சடையக்கவுண்டன், குறும்பக்கவுண்டன், ஆரியக்கவுண்டன் என்று மூன்று ஜாகீர்கள் மலையைப் பிரித்து வைத்திருந்தன. அரசு அவற்றை எடுத்துக்கொண்டது 1976இல்தான். நாடு சுதந்திரம் அடைந்து முப்பது ஆண்டுகள் ஆகப்போகிற சமயம்வரை தாத்தா ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் ஏர் ஓட்டியிருக்கிறார். அம்மாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. எட்டாம் வகுப்பு முடித்திருந்தார். மலையை விட்டு இறங்கிக் கள்ளக்குறிச்சியில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அச்சகத்தின் பெயரை எழுதப் போவதில்லை.

கம்பாசிட்டர் வேலை. தமிழ் எழுத்துக் கேஸில் ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு அறைகள். கேஸைப் பார்க்காமலே கை போகவேண்டும். தலைகீழாகவும் வலம் இடம் மாறியும் நிற்கும் எழுத்தைக் கண் படிக்கவேண்டும். திருமணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கட்சித் துண்டறிக்கை, வட்டிக்கடை ரசீதுப் புத்தகம் எல்லாவற்றையும் அம்மா கோத்திருக்கிறார். நான் முதலில் படிக்கக் கற்றது கண்ணாடியில் பார்த்தாற்போல் திரும்பிய எழுத்தை. பள்ளியில் சேர்ந்தபோது நேரான 'ஒ' எனக்கு விநோதமாகத் தெரிந்தது என்று அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

அச்செழுத்து வெறும் ஈயம் அல்ல. ஈயத்தோடு ஆண்டிமனியும் வெள்ளீயமும் கலந்த உலோகம். வெறும் ஈயம் மெத்தென்று இருக்கும், நகத்தால் கீறலாம். உருக்கி ஊற்றினால் ஆறும்போது நன்றாகச் சுருங்கும். ஆண்டிமனி சேர்ந்தால் கடினம் ஏறும், சுருக்கம் குறையும், அச்சின் மூலை முடுக்கெல்லாம் நிறையும். எழுத்தின் கொம்பும் சுழியும் கூர்மையாக வந்தது அதனால்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடி மிஷன்காரர்கள் ஈயத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டின்களின் மூடியை உருக்கித் தமிழ் எழுத்து வார்த்தார்கள் என்று அச்சு வரலாற்றில் ஒரு கதை உண்டு. எழுத்தை உருக்கிக் குண்டு வார்த்த போர்க்காலக் கதைகளும் பல நாடுகளில் உண்டு. எங்கள் வீட்டில் நடந்தது போர் அல்ல, தீபாவளி போனஸ்.

1987. அந்த வருடம் போனஸ் கேட்ட அம்மாவிடம் முதலாளி தேய்ந்த எழுத்து இரண்டு கிலோவை ஒரு சிமெண்டுப் பையில் போட்டுக் கொடுத்தார். காயலான் கடையில் போட்டால் பணம் வரும் என்றாராம். அம்மா அதைக் கடைக்குக் கொண்டுபோகவில்லை. மலையில் மரவள்ளி முற்றியிருந்தது, பன்றி இறங்குகிற மாதம், அண்ணன் ஈயம் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஐப்பசி மழையில் என்னையும் பையையும் தூக்கிக்கொண்டு மலை ஏறினார். எனக்கு ஏழு வயது. பையில் இருந்த எழுத்துகளை வழிநெடுகத் தடவிக்கொண்டே போனேன். ஒரு 'ழு' மட்டும் தேயாமல் இருந்தது.

மாமாவின் துப்பாக்கி வாய்வழியாக மருந்தும் குண்டும் இடிக்கிற நாட்டுத் துப்பாக்கி. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 13ஆம் பிரிவில் இந்த வகைத் துப்பாக்கியைப் பயிர்ப் பாதுகாப்போடு சேர்த்தே பேசுகிறது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால் உரிமம் தரவேண்டும் என்பது அங்கே உள்ள வாசகத்தின் சாரம். நாட்டுத் துப்பாக்கியில் ஒன்றின் குழலளவு இன்னொன்றுக்கு இருக்காது. அதனால் ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய வார்ப்பச்சு உண்டு. பாக்குவெட்டி போல இரண்டு பிடி, நடுவில் உருண்டைக் குழி. ஈயத்தை இரும்புக் கரண்டியில் உருக்கி, குழியில் ஊற்றி, ஆறியதும் திறந்து, வால் போல ஒட்டியிருப்பதை நறுக்கினால் குண்டு. இந்த வேலையை எங்கள் ஆயா செய்தார், பிறகு அம்மா செய்தார். மலையில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். எங்கள் வீட்டில் அடுப்புப் பக்கம் நடக்கிற எதுவும் பெண்வேலை. அது களியானாலும் ஈயமானாலும்.

அன்று மத்தியானம் அம்மா எழுத்துகளை உருக்கினார். குண்டுகள் அதற்குமுன் வந்ததைவிடப் பளபளவென்று, முனை மழுங்காமல் வந்தன. சாயங்காலம் மாமா பரணுக்குக் கீழே நின்று துப்பாக்கியை நிரப்பினார். மருந்து போட்டார், துணி வைத்தார், குண்டை வைத்து இடிகம்பியால் இடித்தார். இடிகம்பியில் ஒரு வெட்டு உண்டு. குண்டு மருந்தின்மேல் சரியாக உட்கார்ந்தால் அந்த வெட்டு குழலின் வாய்க்கு நேராக நிற்கும். அன்று வெட்டு நாலு விரல் மேலே நின்றது.

"அண்ணே, கம்பி நிக்கிறதப் பாரு. குண்டு எறங்கல. வெடிக்காத."

"ஈயம் காச்சறவளுக்குத் துப்பாக்கியப் பத்தி என்னா தெரியும்? போ, போயி சோத்தப் பாரு."

மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டு வெடித்தால் குண்டு அடைப்பாக நின்றுவிடும், குழல் பிளக்கும். பிடித்திருக்கிற இடது கை அங்கேதான் இருக்கிறது. மலையில் விரல் இல்லாத ஆண்கள் சிலரை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பன்றி கடித்தது என்று எங்களிடம் சொல்வார்கள். மாமா பரணில் கால் வைத்துவிட்டார். அப்போது தாத்தா தலையில் சாக்கு போட்டுக்கொண்டு மழையில் வந்தார். கம்பியைப் பார்த்தார். "எறங்கலடா, வெச்சுடு" என்றார். மாமா மறு பேச்சில்லாமல் கீழே வைத்தார். அம்மா சொன்னதும் அதேதான். அம்மா சொன்னால் பயம், தாத்தா சொன்னால் அனுபவம்.

மறுநாள் குழலில் தண்ணீர் ஊற்றி மருந்தை நனைத்து, கம்பி முனையில் திருகு மாட்டிக் குண்டை எடுக்கப் பார்த்தார்கள். மெத்தென்ற ஈயமானால் திருகு கடித்துப் பிடிக்கும். இது அச்செழுத்து, கடிக்க விடவில்லை. அரை நாள் ஆயிற்று. அந்த அரை நாளில் அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து வேறொரு வேலை செய்துகொண்டிருந்தார்.

அச்சுக்கோப்பில் வரிக்கும் வரிக்கும் இடையே வைக்கிற தகட்டுக்கு லெட் என்று பெயர். ஒரு பாயிண்ட், இரண்டு பாயிண்ட் என்று கனம் உண்டு. ஒரு பாயிண்ட் என்பது ஏறக்குறைய அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு, மில்லிமீட்டரில் 0.35. பையில் எழுத்தோடு சில லெட்டுகளும் வந்திருந்தன. அம்மா பழைய குண்டு ஒன்றைக் குழலின் வாயில் வைத்து ஓரத்தில் ஒரு பாயிண்ட் லெட்டை நுழைத்துப் பார்த்தார். நுழைந்தது. புதுக் குண்டுக்கு நுழையவில்லை. அதே அச்சு, அதே கை, அதே கரண்டி. உலோகம் குறைவாகச் சுருங்கியிருக்கிறது. மழை ஈரத்தில் முந்தைய வேட்டின் கரி வேறு குழலில் படிந்திருந்தது. துணியும் சேர்ந்தபோது வழியடைத்துவிட்டது. ஆண்டிமனி என்ற சொல் அம்மாவுக்குத் தெரியாது. "எழுத்து ஈயம் சுருங்க மாட்டேங்குது" என்றார். அவ்வளவுதான் விஷயம்.

ஒரு பங்கு எழுத்துக்கு மூன்று பங்கு சாதா ஈயம் கலந்து மறுபடி வார்த்தார். ஊருக்குத் திரும்பியதும் கள்ளக்குறிச்சியில் மெட்டி செய்கிற தட்டாரிடம் போய், அச்சகத்துப் பித்தளை ரூல் துண்டு ஒன்றைக் கொடுத்து, சரியான குண்டு ஒன்றையும் கொடுத்து, இது தொட்டும் தொடாமலும் விழுகிற அளவுக்கு ஒரு வட்டம் வெட்டித் தரச் சொன்னார். தட்டார் "யாரு விரலும்மா இவ்வளவு பெருசு?" என்று கேட்டாராம். அந்தத் தகடு வந்த பிறகு எங்கள் வீட்டில் குண்டு சலிப்பது என் வேலை ஆயிற்று. வார்த்த குண்டை ஒவ்வொன்றாக வட்டத்தில் விடவேண்டும். தானாக விழுந்தால் பாட்டிலுக்கு. நின்றால் திரும்பக் கரண்டிக்கு. பயறு பொறுக்குகிற வேலை மாதிரிதான். மாமாவின் துப்பாக்கி அதன்பிறகு ஒருபோதும் அடைத்துக்கொள்ளவில்லை. மாமா குறி தப்பாதவர் என்று ஊரில் பெயர்.

அம்மாவுக்கு எனக்குப் பிறகு இரண்டு முறை கரு கலைந்தது. பகலெல்லாம் ஈய எழுத்து, விரலை எச்சில் தொட்டு எடுத்த புரூஃப், மத்தியானம் அதே கையால் சோறு. லீவுக்குப் போனால் மூடிய அடுப்படியில் ஈயப் புகை. ஈயம்தான் காரணம் என்று நான் எழுதமாட்டேன். அம்மாவின் ரத்தத்தை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அப்பாயி சொன்ன காரணம் மலைக்காற்று. ஆனால் ஈயம் கருவைக் கலைக்கும் என்பது அன்றைக்கே பழைய செய்தி. இங்கிலாந்தில் வெள்ளை ஈயத் தொழிற்சாலைகளின் ஆபத்தான பிரிவுகளில் 1898இலேயே பெண்களை வேலைக்கு வைக்கத் தடை வந்துவிட்டது. அதே காலத்தில் ஷெஃபீல்டு வட்டாரத்து ஏழைப் பெண்கள் கூடுதல் பிள்ளை வேண்டாம் என்று, புண்ணுக்குப் போடுகிற ஈயக் களிம்பை மாத்திரையாக உருட்டி விழுங்கினார்கள். கரு போனது, சிலருக்குக் கண் போனது, சிலருக்கு உயிரே போனது. உடம்பின் அளவைத் தாங்களே முடிவு செய்ய அவர்களுக்குக் கிடைத்த ஒரே கருவி அதுதான். எந்த அச்சகத்திலும் கம்பாசிட்டர் அம்மாக்களுக்குச் சோப்புகூடக் கொடுத்து நான் பார்த்ததில்லை. பால் குடித்தால் ஈயம் இறங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. பாலையும் யாரும் வாங்கித் தரவில்லை.

1991இல் தாத்தா இறந்தார். உரிமம் அவர் பேரில் இருந்தது. அதை மாமா பேருக்கு மாற்ற வாரிசுகள் அனைவரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரவேண்டும். அம்மாவைக் கூப்பிட்டார்கள். கடிதத்தை வாசித்து, அதில் இரண்டு எழுத்துப்பிழை திருத்தி, கையெழுத்துப் போட்டார். மாமாவும் சித்தப்பா முறையான இருவரும் கைநாட்டு. அந்தத் துப்பாக்கியின் கோப்பில் அம்மா இருக்கிற ஒரே இடம் அது: தனக்கு வேண்டாம் என்று சொன்ன இடம். வேண்டுமா என்று கேட்கப்பட்ட தாள் எதுவும் கோப்பில் இல்லை.

ரிவால்வருக்கு நான் வந்தது மிகப் பின்னால். என் மாணவி ஒருத்தியின் அம்மா, ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர். தமிழ்நாட்டில் பெண்கள் காவல்துறைக்கு வந்தது 1973இல். முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் 1992இல் திறந்தார்கள். இவர் அதற்குப் பின் வந்த தலைமுறை. "எனக்கு ரிவால்வர் குடுத்தாங்க டீச்சர். என் வெரல் டிரிக்கருக்கு எட்டுமான்னு மட்டும் யாரும் கேக்கல" என்றார். நான் அம்மாவின் கதையைச் சொன்னேன். அவர் என் பேனாவை வாங்கி, ஒரு தாளில் ரிவால்வரின் சிலிண்டரை வரைந்து காட்டினார். அன்றிரவிலிருந்து நான் குண்டு வார்ப்பவர்களின் கையேடுகளைத் தேடித் தேடிப் படித்தேன். சங்க இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவளின் மேசையில் இதைப் பார்த்துச் சக பேராசிரியர்கள் என்ன நினைத்தார்களோ.

ரிவால்வரின் சிலிண்டரில் ஆறு அறை. ஒவ்வோர் அறையின் முன்வாயும் சற்றுக் குறுகும். அந்தக் குறுகலுக்குத் தொண்டை என்று பெயர். ஆங்கிலத்திலும் அதே சொல்தான். குண்டு தோட்டாவிலிருந்து கிளம்பி முதலில் தொண்டையைக் கடக்கவேண்டும், பிறகு ஒரு மயிரிழை இடைவெளியைத் தாண்டி, குழலுக்குள் நுழையவேண்டும். தோட்டாவை வீட்டில் செய்கிறவர்கள் ஈயக் குண்டை வார்த்த பிறகு, அதைச் சரியான அளவு துளையுள்ள எஃகு அச்சு வழியாகத் தள்ளிச் செதுக்கிக்கொள்வார்கள். எந்த அளவுக்கு என்பதுதான் கேள்வி. நம் நாட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் .32 ரிவால்வருக்கு ஈயக் குண்டு 0.312 அங்குலத்தை ஒட்டி இருக்கும். ஆனால் புத்தகத்தில் போட்டிருக்கிற எண்ணை நம்பினால் போதாது. அந்தந்தத் துப்பாக்கியின் தொண்டையைக் கேட்கவேண்டும். மெத்தென்ற ஈயத் துண்டைத் தொண்டை வழியாகத் தள்ளி, வெளியே வந்ததை அளக்கிறார்கள். அதைவிட எளிய சோதனை ஒன்று: குண்டை முன்பக்கமிருந்து தொண்டையில் விடு. தானாக விழுந்தால் சிறியது. பென்சிலால் மெல்லத் தள்ளினால் போகிறதென்றால் சரி. தட்டினால்தான் போகுமென்றால் பெரியது. அம்மாவின் தகட்டில் தானாக விழவேண்டும். இதில் விழக்கூடாது. நாட்டுத் துப்பாக்கியில் மிச்சமிருக்கும் இடத்தைத் துணி நிரப்புகிறது, ரிவால்வரில் நிரப்ப எதுவுமில்லை. அம்மாவின் கணக்கு ஒரு பாயிண்டில் நடந்தது. இந்தக் கணக்கு ஒரு பாயிண்டைப் பதினான்காகப் பிளந்தால் வருகிற துண்டில், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றில் நடக்கிறது.

என்னைப் பிடித்து நிறுத்திய செய்தி வேறு. சில ரிவால்வர்களில் தொண்டை குழலைவிடக் குறுகலாக இருந்துவிடும். அப்போது நீங்கள் எவ்வளவு பெரிதாகக் குண்டு வார்த்தாலும் பயனில்லை. தொண்டை அதை நெரித்து, சுருக்கித்தான் வெளியே விடும். சுருங்கிய குண்டு பின்னால் வருகிற குழலுக்குப் போதாது. பக்கவாட்டில் நெருப்புக் காற்று கசியும், ஈயம் குழலெங்கும் இழுகிப் படியும், குறி தப்பும். பார்க்கிறவர்கள் குண்டைக் குறை சொல்வார்கள், ஈயம் மெத்து என்பார்கள், வார்த்த கை சரியில்லை என்பார்கள். பழுது குண்டில் இல்லை, அது முதலில் கடக்க வேண்டியிருந்த வாயில். அதோடு ஒரே சிலிண்டரின் ஆறு தொண்டையும் ஒரே அளவாக இருப்பதில்லையாம். இதைப் படித்தபோது ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தை நினைத்தேன். அதை உருவகமாக்கிக் கவிதை எழுதக் கை ஊறியது, எழுதவில்லை. தொண்டை என்ற சொல்லை வைத்துக்கொண்டு பெண்கவிதை எழுதுவது இந்த நாட்களில் மிகவும் எளிது.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் வீட்டில் உட்கார்ந்து தோட்டா செய்ய முடியாது. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், அதைச் செய்யும் கருவியையும் சட்டம் தோட்டாவோடு சேர்த்தே எண்ணுகிறது. ரிவால்வர் வைத்திருப்பவர் வாங்குகிற தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. அதனால் அளவு பார்க்கும் வேலை முழுக்கத் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. அங்கும் பெண்கள்தான் அதிகம் செய்திருக்கிறார்கள். முதல் உலகப்போரின்போது பிரிட்டிஷ் ஆயுதத் தொழிற்சாலைகளில் தோட்டாவை அளவுமானியில் நுழைத்துச் சரிபார்த்தவர்களில் பெண்கள் பெருங்கூட்டம். வெடிமருந்து நிரப்பியவர்களின் தோல் மஞ்சளாகிப்போனதால் அவர்களுக்குக் கேனரிப் பறவை என்று பட்டப்பெயர். நம் வரலாற்றிலும் சுட்ட பெண்ணைத்தான் நினைவு வைத்திருக்கிறோம். 1932 பிப்ரவரி 6 அன்று கல்கத்தா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சனை நோக்கிச் சுட்ட பீனா தாஸ் பெயர் பலருக்குத் தெரியும். அந்த ரிவால்வரைத் தேடி வாங்கி அவர் கையில் சேர்த்தவர் கமலா தாஸ்குப்தா. பெண்கள் விடுதி நிர்வாகியாக இருந்துகொண்டே இயக்கத்தின் சரக்குகளை ஒளித்துவைத்தவர். என் வகுப்பில் பத்து ஆண்டில் ஒரு மாணவிகூட அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

2014இல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்று ஒரு ரிவால்வரை வெளியிட்டது. நிர்பீக் என்று பெயர். தில்லியில் 2012இல் கொல்லப்பட்ட அந்தப் பெண்ணுக்குப் பத்திரிகைகள் வைத்த நிர்பயா என்ற பெயரின் சாயல், பொருளும் அதே, அச்சமற்ற. .32 அளவு, 500 கிராம் எடை, டைட்டானியம் கலந்த உலோகம், விலை 1,22,360 ரூபாய். மெரூன் நிற நகைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். நான் அப்போது கௌரவ விரிவுரையாளர். என் ஒரு வருடச் சம்பளம் ஏறக்குறைய அவ்வளவுதான். இறந்த பெண்ணின் பெயர் நிழலில் விற்கப்பட்ட அந்தப் பொருளை அவள் உயிரோடிருந்தால் வாங்கியிருக்க முடியுமா என்ற கேள்வியைப் பலரும் அன்றே கேட்டார்கள். எனக்கு அதைவிட அந்த நகைப்பெட்டிதான் உறுத்தியது. துப்பாக்கியைப் பெண்ணுக்கு ஏற்ற அளவாக்குவது என்றால் எடையைக் குறைப்பதும் பெட்டிக்கு வெல்வெட் ஒட்டுவதும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். எடை குறைந்தால் அதே தோட்டாவின் உதை கையில் கூடும் என்பதை இன்ஸ்பெக்டரம்மா பார்த்த உடனே சொன்னார். உரிமம் கேட்டுப் போகிற பெண்ணிடம் "வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டாரா?" என்று கேட்பார்கள் என்பதையும் அவரே சொன்னார்.

குறிஞ்சிப்பாட்டு நடத்தும்போது இதெல்லாம் மனதில் ஓடும். தினைப்புனம் காப்பது அங்கே பெண்களின் வேலை. தழல், தட்டை, குளிர் என்று கிளி ஓட்டும் கருவிகளைக் கபிலர் அதில் சொல்கிறார். கவண்கல் எறியும் பெண்களைச் சங்கப்பாட்டில் வேறு இடங்களிலும் பார்க்கலாம். அகநானூற்றில் ஒரு கொடிச்சி கூந்தலை உலர்த்திக்கொண்டு பாட, தினை தின்ன வந்த யானை தின்ன மறந்து தூங்கிவிடும். இதை நடத்தும்போது ஒரு மாணவி எழுந்து, "அப்ப காவல் நம்ம வேலையா இருந்திருக்கு, எப்ப மேடம் மாறிச்சு?" என்றாள். இலக்கணமாகப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. எங்கள் மலையில் எப்படி மாறியது என்று மட்டும் தெரியும். கவணுக்கு உரிமம் வேண்டாம், துப்பாக்கிக்கு வேண்டும். உரிமம் குடும்பத்தலைவர் பேரில் வரும். பரண் மேலே அவர் ஏறினார், குண்டு கீழே அடுப்பில் இருந்தது. குடகிலும் பாருங்கள். அங்கே குடவர்களுக்கு ஆயுத உரிமத்திலிருந்தே விலக்கு உண்டு, பெண்களும் கைல்போத் பண்டிகையில் சுடுகிறார்கள். ஆனால் பழைய வழக்கப்படி பிள்ளை பிறந்ததை வானத்தில் சுட்டு அறிவிப்பது பிறந்தது ஆணாக இருந்தால்தான்.

அதே வகுப்பில் இன்னொருத்தி வான்சிறப்பு அதிகாரத்தில் துப்பாக்கி வருகிறதே என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். வருகிறது. ஆனால் அது துப்பு ஆக்கி, உணவை உண்டாக்கி. கையில் பிடிக்கிற துப்பாக்கி துருக்கிச் சொல்லிலிருந்து வந்த வேறு சொல். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, ரெண்டும் ஒன்றாகவே இருந்திருக்கலாம் என்றார்.

மாமாவுக்கு முட்டி போனபின், 2016இல் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார். மலைக் கிராமங்களில் போலீஸ் அவ்வப்போது வந்து, உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி இருந்தால் கொடுத்துவிடுங்கள், வழக்குப் போடமாட்டோம் என்று தண்டோரா போடும். கள்ளக்குறிச்சி என்றால் வெளியே உள்ளவர்களுக்கு 2024 ஜூன் கருணாபுரத்துச் சாராயச் சாவு, கல்வராயன் என்றால் சாராய ஊறலும் கள்ளத்துப்பாக்கியும். எங்களுடையது உரிமமுள்ளது என்பதால் மரியாதையாக ரசீது கொடுத்தார்கள். துப்பாக்கி ஒன்று, இடிகம்பி ஒன்று, வார்ப்பச்சு ஒன்று. பித்தளைத் தகட்டை அம்மா நீட்டியபோது அது என்ன என்று ஏட்டய்யா கேட்டார். அளவு பாக்கறது என்றார் அம்மா. அது வேண்டாம், அதற்கு ரசீதில் பத்தி இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பன்றி போகவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு விவசாயி சுட முடியாது. 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியை வனத்துறையே சுடலாம் என்று அறிவித்தது. ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, இடைப்பட்ட தூரத்தில் பிடித்துக் காட்டில் விடவேண்டும். மாமா மகளின் மரவள்ளிக் காட்டுக்கும் காப்புக்காட்டுக்கும் நடுவே ஓர் ஓடைதான். எந்த அளவுக்குள்ளும் அவள் நிலம் வரவில்லை. அவள் வீட்டுக்காரர் கரும்பு வெட்டக் கீழ்நாட்டுக்குப் போய்விட, இந்த வருடம் பரணில் அவள்தான் படுக்கிறாள். தகர டப்பா, டார்ச் லைட், ஒரு புளூடூத் ஸ்பீக்கர். தன் குரலையே கத்திப் பதிவு செய்து ராத்திரி முழுக்க ஓடவிட்டாளாம். நாலு நாளில் பன்றிக்குப் பழகிவிட்டது. ஐந்தாம் நாளிலிருந்து மறுபடி அவளே கத்துகிறாள். போன வாரம் போனில் பேசியபோது தொண்டை கட்டியிருந்தது. மிளகும் பனங்கற்கண்டும் போடு என்றேன். போட்டுக்கிட்டுதான் இருக்கேன் அண்ணி, என்று கிசுகிசுத்தாள்.